இயந்திரம் வாங்கும் முன் பத்து வீடுகள்



வளைகுடாவில் சில வருடங்கள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் நம் பிள்ளைகள் சொந்தமாக ஏதாவது தொழில் செய்ய விரும்புகிறார்கள். அவர்கள் கண்ணில் படும் தொழில்களில் ஒன்று பிரஷர் வாஷர். தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சி மொட்டை மாடிப் பாசி, சுற்றுச்சுவர்க் கறை, வாசல் தரை போன்றவற்றைச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலை இது. கடை வாடகை இல்லை, சரக்குத் தேக்கம் இல்லை. ஒரு இயந்திரமும் இரண்டு ஆட்களும் போதும்.

இவ்வளவு எளிதாகத் தெரிவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்து இயந்திரம் வாங்கிவிடுகிறோம். முதல் மாதம் உறவினர் வீடுகள் நான்கைந்து கிடைக்கும். அதில் பாதிப் பேர் கடன் சொல்வார்கள். மூன்றாவது மாதம் இயந்திரம் படிக்கட்டுக்குக் கீழே போய்விடும், நகை மட்டும் அடகுக் கடையிலேயே இருக்கும். இயந்திரம் கெட்டுப்போனதால் இப்படி ஆவதில்லை, கூப்பிட ஆள் இல்லாததால் ஆகிறது. ஆகவே வாடிக்கையாளரை முதலில் தேடுங்கள், இயந்திரத்தைப் பிறகு வாங்குங்கள்.

வாடகை இயந்திரத்தில் ஒரு சோதனை

உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் சில நாட்களுக்கு எடுங்கள். பத்து வீடுகளில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யுங்கள். அதில் ஐந்து வீடாவது உங்களுக்கு முன்பின் தெரியாதவர்களுடையதாக இருக்க வேண்டும். அந்த ஐந்து வீடுகள் கிடைக்கவில்லை என்றால் தொழிலை இன்னும் யோசிக்க வேண்டும். நகையும் பத்திரமாக வீட்டில் இருக்கும்.

பேச்சைவிடக் கண் பெரிது

இந்தத் தொழிலுக்கு ஒரு வசதி உண்டு. வேலையின் பலன் ஐந்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். புதிய வீட்டில் பேரம் பேசும் முன் கறுத்துப்போன தரையில் இரண்டடிக்கு இரண்டடி கழுவிக் காட்டுங்கள். அந்தச் சதுரமே உங்களுக்காகப் பேசும்.

பலர் நடமாடும் ஓர் இடத்தையும் நன்றாகச் செய்து கொடுங்கள். பள்ளிவாசலில் ஒளூச் செய்யும் இடம் பாசி பிடித்து வழுக்கினால், நிர்வாகத்திடம் அனுமதி பெற்றுச் சுத்தம் செய்யலாம். பெரியவர்கள் வழுக்கி விழாமல் இருப்பார்கள், உங்கள் வேலையையும் ஊர் பார்க்கும். ஆனால் நம் தெருவோடு நின்றுவிடாதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று எல்லாத் தரப்பு மக்களிடமும் போனால்தான் வருடம் முழுவதும் வேலை இருக்கும்.

விலையை முன்னதாகச் சொல்லுங்கள்

"பார்த்துக் கொடுங்கள்" என்ற பேச்சே வேண்டாம். அளந்து, சதுர அடிக் கணக்கில் மொத்தத் தொகையை எழுதிக் கொடுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 800 சதுர அடி மாடிக்கு ஒரு நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கூலியையும் சேர்த்து இரண்டு பேர் கூலி 1,800 ரூபாய், வண்டிச் செலவு 300, சோப்பு, பிரஷ் 100, இயந்திரப் பழுதுக்கு எடுத்து வைப்பது 200. ஆக 2,400 ரூபாய். சதுர அடிக்கு 3 ரூபாய் வாங்கினால் கையில் எதுவும் மிஞ்சாது. 4 ரூபாய் வாங்கினால் 800 ரூபாய் மிஞ்சும். உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு இதே கணக்கை நீங்களே செய்து பாருங்கள். போட்டிக்காக விலையைக் குறைத்து ஆள் பிடித்தால் அடுத்த தெருவிலும் அதே விலையைத்தான் கேட்பார்கள்.

தண்ணீர் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் எடுக்கும் இயந்திரம் மணிக்கு 480 லிட்டர் செலவழிக்கும். 1,000 லிட்டர் தொட்டி இரண்டு மணி நேரம் தாங்கும். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்காரருக்கு இது முக்கியமான விவரம்.

"இது வேண்டாம்" என்று சொல்லுங்கள்

புதியவர்களின் நம்பிக்கையைப் பெறுவதற்கு, செய்யக்கூடாத வேலையை மறுப்பதும் ஒரு வழிதான். பழைய சுண்ணாம்புத் தளத்தில் முழு அழுத்தம் வைத்தால் இணைப்புகள் பெயர்ந்து மழைக்கு ஒழுகும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பீய்ச்சினால் உடலுக்குக் கேடான நார்த் துகள்கள் கிளம்பும். சோலார் தகடுகளுக்கு இந்த அழுத்தம் ஆகாது, மென்மையான பிரஷும் சாதாரணத் தண்ணீரும் போதும். கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எவ்வளவு கூலி தருவதாகச் சொன்னாலும் இறங்காதீர்கள். ஈரத் தரையில் மின்சார இயந்திரம் ஓடுவதால், எர்த் இணைப்பும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீட்டில் வேலையைத் தொடங்க வேண்டாம்.

பெயின்ட் உரியுமா, பழைய விரிசல் எங்கே இருக்கிறது என்பதை வேலைக்கு முன்பே காட்டிவிடுங்கள். பின்னால் "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்ற பேச்சு வராது. மாடிக்கு ஏறும் முன் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லி அனுப்புங்கள். பெண்கள் துணி காயப்போட வருவார்கள். இந்த மரியாதையைப் பார்த்தே பக்கத்து வீட்டாரும் உங்களைக் கூப்பிடக்கூடும்.

பருவமும் துணையும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் மாடியும் மழைநீர்க் குழாய் வாயும் சுத்தமாக வேண்டும். மழை முடிந்த ஜனவரியில் பாசி எடுக்கும் வேலை வரும். ரமலானுக்கு முன்பும், பொங்கல், தீபாவளிக்கு முன்பும், நிக்காஹ் வைத்திருக்கும் வீடுகளிலும் தேவை இருக்கும். பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறைதான் சரியான நேரம். அந்தந்தக் காலத்துக்கு மூன்று வாரம் முன்பே போய்ப் பேசுங்கள்.

பெயின்டர், கொத்தனார், நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு அடிப்பவர் ஆகியோருக்கு முதலில் சுத்தமான தளம் வேண்டும். இவர்களில் ஐந்து பேருடன் நல்ல பழக்கம் இருந்தால் ஆயிரம் நோட்டீஸ் அடிப்பதைவிடப் பயன் அதிகம்.

கைபேசியில் செய்ய வேண்டியவை

வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்குக் கட்டணம் இல்லை. விலைப் பட்டியல், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றை அதில் வையுங்கள். படம் எடுக்க வீட்டாரிடம் அனுமதி கேளுங்கள். வீட்டு ஆட்களும் கதவு எண்ணும் படத்தில் வரக்கூடாது. பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே வேலை முடிந்ததும் "நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கூகுள் மேப்பிலும் கட்டணமின்றித் தொழிலைப் பதியலாம். வீட்டு முகவரியைக் காட்டாமல் வேலை செய்யும் பகுதியை மட்டும் காட்டவும் வழி உண்டு. வேலை செய்த வீட்டாரிடம் உள்ளதை உள்ளபடி கருத்து எழுதச் சொல்லுங்கள். காசு கொடுத்துப் புகழ்ச்சி எழுத வைப்பது கூகுள் விதிக்கும் புறம்பு, நம் நேர்மைக்கும் புறம்பு. பள்ளிக்கூடமும் மண்டபமும் ரசீது கேட்கும் என்பதால் உதயம் பதிவும் செய்துகொள்ளுங்கள். அரசு இணையதளத்தில் அது இலவசம், தரகருக்குப் பணம் தர வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். யார் வீடு, என்ன வேலை, எந்தத் தேதி, யார் சொல்லி வந்தார்கள் என்று எழுதி வையுங்கள். பதினோரு மாதம் கழித்து அதே வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள். சொல்லி அனுப்பியவருக்கு நன்றி சொல்லுங்கள். அந்த நோட்டில் பத்துப் பெயர்கள் சேர்ந்த பிறகு இயந்திரக் கடைக்குப் போங்கள். இன்ஷா அல்லாஹ், அடகு வைத்த நகையும் சீக்கிரம் வீடு திரும்பும்.