நனைந்த கேமராவுக்குள் நடப்பது

ஜப்பானில் ஜூன் தொடங்கி ஜூலை பாதியைத் தாண்டியும் நீளும் மழைப்பருவத்துக்கு ‘ட்சுயு’ என்று பெயர். எழுத்தைப் பிரித்துப் பொருள் கண்டால் ‘பிளம் மழை’. பிளம் பழுக்கும் நாட்களில் பெய்யும் மழை அது. கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி மலையில், ஆயிரக்கணக்கான செந்நிற வாயில்கள் வரிசைகட்டி நிற்கும் பாதையில் நான் ஏறியது அந்தப் பருவத்தில்தான். தூறல்தானே என்று கேமராவைத் தோளில் தொங்கவிட்டபடியே நடந்தேன். பாதி மலையில் மழை வலுத்துவிட்டது. ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கிக் கேமராவை எடுத்தபோது திரையில் எழுத்துகள் துடித்துக்கொண்டிருந்தன. நான் தொடாமலேயே ஷட்டர் இரண்டு முறை விழுந்தது.

பயணம் முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. ஸ்விட்சை அணைத்து மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்று கை பரபரத்தது. அந்த நேரத்தில் செய்யவே கூடாத காரியம் அதுதான்.

தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. மழைநீரும் பெரும்பாலும் தூயதே. ஆனால் கேமராவின் மேல் வழிந்து, பொத்தான்களின் இடுக்கில் இறங்குவதற்குள் அது நம் விரல் வியர்வையின் உப்பையும் தூசியையும் கரைத்துக்கொள்கிறது. உள்ளே சர்க்யூட் போர்டில் செம்புக் கோடுகள் மயிரிழை இடைவெளியில் ஓடுகின்றன. இரண்டு கோடுகளை ஒரு துளி இணைத்துவிட்டால், பேட்டரியின் ஏழு வோல்ட்டே போதும், மின்பகுப்பு தொடங்கிவிடும். நேர்முனையில் உலோகம் அயனிகளாகக் கரைந்து, நீரின் வழியே நகர்ந்து, எதிர்முனையில் படியும். படிவது சும்மா படியாது. பெரணி இலைபோலக் கிளைவிட்டு, வந்த திசையை நோக்கியே வளரும். அந்த இழை மறுகரையைத் தொட்டதும் ஷார்ட் சர்க்யூட். இதற்கு நாட்கணக்கு தேவையில்லை. சில நிமிடங்கள் போதும்.

மின்னழுத்தம் இல்லையென்றால் இந்த வளர்ச்சியும் இல்லை. மிஞ்சுவது மெதுவான துரு மட்டும், அதற்கு நமக்கு அவகாசம் உண்டு. ஆகவே கேமராவைக் கொல்வது நீரைவிட, நீரும் மின்சாரமும் ஒன்றுசேர்வதுதான். ஸ்விட்சை அணைத்தால் போதாது. அணைத்த பிறகும் சில சுற்றுகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். பேட்டரியையே கழற்றிவிட வேண்டும்.

அடுத்து மெமரி கார்டு. அதில் நம் படங்கள், மின்கடத்தாச் சுவர்களுக்குள் அடைபட்ட எலக்ட்ரான்களாக இருக்கின்றன. மழைநீரால் அவற்றைத் திறந்துவிட முடியாது. கார்டைத் துடைத்து, நன்றாக உலரவிட்டால் பெரும்பாலும் படங்கள் பத்திரமாகவே இருக்கும். பதற்றத்தில் இருப்பவருக்கு முதலில் சொல்ல வேண்டிய ஆறுதல் இது.

லென்ஸின் ஜூமைத் திருப்பக் கூடாது. நீளும்போது அது பீச்சாங்குழலைப் போல வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், விளிம்பில் நிற்கும் துளிகளும் கூடவே போய்விடும். ‘மழை தாங்கும்’ என்று விற்ற கேமராவாயிற்றே என்று நானும் நம்பியிருந்தேன். அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும், இணைப்புகளில் ரப்பர் வளையம் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் பொருள் இல்லை. ஐ.பி.எக்ஸ் 7 என்ற தரம் இருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது.

உலர்த்துவதற்கு எல்லோரும் சொல்வது அரிசி. அரிசியிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்கு ஈரம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் உறிஞ்சும், அதுவும் மந்தமாக. அதற்கு விலையாகத் தவிட்டுத் தூளையும் மாவையும் கேமராவின் துளைகளில் அப்பிவிடும். ஹேர் டிரையரும் வேண்டாம். சூட்டில் பசையும் மசகும் இளகும், வேகக்காற்று நீரை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும்.

வேண்டியது சிலிக்கா ஜெல். புதுச் செருப்புப் பெட்டியில் வரும், நாம் தூக்கியெறியும் அந்தச் சிறு பொட்டலம்தான். முதல் உலகப்போரின்போது நச்சுவாயு முகமூடிகளுக்காக ஆராயப்பட்ட பொருள் இது. ஒரு கிராம் மணிகளின் உள்ளே இருக்கும் நுண்துளைச் சுவர்களை விரித்துப் பரப்பினால் சுமார் 700 சதுர மீட்டர் வரும். ஐந்து கபடிக் களங்கள் அளவு. ஈரம் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. ஜப்பானில் கேமராக் கடைகளில் இது எளிதாகக் கிடைத்தது. கேமராவையும் லென்ஸையும் தனித்தனியே, வாய் திறந்தபடி, காற்றுப் புகாத டப்பாவில் கை நிறையப் பொட்டலங்களோடு வைத்து மூடினேன். குறைந்தது இரண்டு மூன்று நாள் அப்படியே விட வேண்டும். சொல்வது எளிது. கியோட்டோவில் இருந்துகொண்டு மூன்று நாள் கேமராவைத் தொடாமல் இருப்பது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது.

அறையின் ஏ.சி. இன்னொரு சிக்கல். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். குளிர்ந்த அறையில் கிடந்த கேமராவைப் புழுக்கமான தெருவுக்குக் கொண்டுபோனால், அதைத் தொடும் காற்று குளிர்ந்து, தாங்க முடியாத ஈரத்தைக் கண்ணாடியின் மேலேயே இறக்கிவிடும். உலர்த்தியதெல்லாம் வீண். அதனால் ஜிப் பையில் போட்டு எடுத்துச்சென்று, வெளிச்சூட்டுக்கு அது பழகிய பிறகே பையைத் திறக்க வேண்டும். ஈரம் லென்ஸுக்குள் தங்கிவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் தழும்பு போகாது.

கேமராவைத் திருகு கழற்றித் திறந்து பார்ப்பது பழுது பார்ப்பவரின் வேலை. பிளாஷ் உள்ள கேமராவில் ஏறத்தாழ 300 வோல்ட் தேக்கும் மின்தேக்கி இருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் அது அடிக்கும். கடையில் கொடுக்கும்போது மழையா, கடல்நீரா என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கடல்நீர் என்றால் உலர்ந்த பிறகும் உள்ளே உப்பு தங்கும். அதற்கு வேறு சிகிச்சை. உத்தரவாதத்தில் நீர்ச்சேதம் பெரும்பாலும் அடங்காது. பயணக் காப்பீடு எடுத்திருந்தால், பழுதின் காரணத்தை அந்த ஊர்க் கடையிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

நான்காம் நாள் காலையில் பேட்டரியைப் போட்டேன். திரை துடிக்காமல் எரிந்தது. லென்ஸின் ஒரு மூலையில் மட்டும் மங்கல் மிஞ்சியிருந்தது. அது ஊருக்கு வந்து கழற்றித் துடைத்த பிறகே போனது. கார்டிலிருந்த கடைசி இரண்டு படங்கள், தாழ்வாரத்தில் கேமரா தானாக எடுத்துக்கொண்டவை. ஈரக் கல்தரை, அதில் கலங்கித் தெரியும் செந்நிறம், ஓரமாக என் காலணியின் முனை.