பச்சை டிராகன் தோலில் யாருக்குக் கூலி?

பச்சை டிராகன் ஒன்றை வீழ்த்தினால் ஒரு தோலும் எலும்பும் நிச்சயம் கிடைக்கும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஜாகெக்ஸ் நிறுவனம் நடத்தும் ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ என்ற இணைய விளையாட்டில் இது பல ஆண்டுகளாக நடந்துவரும் பிழைப்பு. தோலைப் பதனிட்டு, மூன்று தோல்களைச் சேர்த்துத் தைத்தால் ஒரு மார்புக்கவசம் ஆகும். டிராகனோடு மோதுகிறவர் சாகவும் நேரலாம். தைப்பவர் ஊசியும் நூலுமாக வங்கி வாசலில் பத்திரமாக நிற்கிறார். இருவரில் யாருக்குக் காசு அதிகம்?

பஞ்சைவிட நூலுக்கு விலை கூடுதல், நூலைவிடத் துணிக்கு விலை கூடுதல் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். உழைப்பு சேரச் சேர விலை ஏற வேண்டும். ஆனால் இந்த விளையாட்டின் சந்தையில் மூன்று தோலின் விலை பல சமயம் ஒரு கவசத்தின் விலையைவிட அதிகம். தைப்பவர் கூலி வாங்கவில்லை. கைக்காசு போட்டுத் தைக்கிறார். லட்சக்கணக்கானவர்கள் கூடும் சந்தையில் ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் பொருளியல் தெளிவாகவே விளக்குகிறது.

முதலில் கவசத்தின் விலை எப்படி நிர்ணயமாகிறது என்று பார்க்கலாம். விளையாட்டில் ‘ஹை ஆல்கமி’ என்றொரு மந்திரம் உண்டு. பெரும்பாலான பொருள்களில் எதன் மேல் ஏவினாலும் அது மறைந்து, அதற்கென்று விதித்திருக்கும் மதிப்பில் 60 விழுக்காடு நாணயமாகக் கைக்கு வரும். பச்சைக் கவசத்தின் மதிப்பு 7,800. ஆகவே மந்திரம் போட்டால் 4,680 நாணயம். மந்திரத்துக்கு ஒரு ‘நேச்சர் ரூன்’ கல் செலவாகும். அந்தக் கல்லின் விலையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கவசத்துக்குத் தரை விலை. அதற்குக் கீழே விலை இறங்கினால், மந்திரக்காரர்கள் வாரிக்கொண்டு போய் நாணயமாக்கிவிடுவார்கள். அணிந்துகொள்ள வாங்குகிறவர்களைவிட உருக்கிக் காசாக்க வாங்குகிறவர்களே இங்கே விலையைத் தாங்கிப் பிடிக்கிறார்கள்.

கவசத்தின் விலை இப்படிக் கட்டிப்போடப்பட்டிருக்க, தோலின் விலை மட்டும் ஏன் அதை மீறுகிறது? தைப்பவருக்கு வேண்டியது காசு மட்டும் இல்லை. ஒவ்வொரு கவசத்துக்கும் அவருக்கு 186 அனுபவப் புள்ளிகள் கிடைக்கின்றன. இந்த விளையாட்டில் ஒவ்வொரு திறனுக்கும் 99 படிநிலைகள். 99ஐத் தொட 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். பச்சைக் கவசம் தைக்கத் தகுதி பெறுவது 63ஆம் படியில். அங்கிருந்து அதை மட்டுமே தைத்து 99க்குப் போக வேண்டுமென்றால் சுமார் 68,000 கவசம் தைக்க வேண்டும்; தோல் மட்டும் 2 லட்சத்துக்கு மேல். வழியில் நீலம், சிவப்பு, கறுப்புத் தோல்களுக்கு மாறிக்கொள்ளலாம் என்றாலும் கணக்கின் அளவு புரிந்திருக்கும். ஒரே ஒருவர் தேர்ச்சி பெற ஓர் ஊருக்கே கவசம் தைத்தாக வேண்டும். கவசம் என்பது அவருக்குப் படிப்பின் கழிவு. படிப்புக்குக் கட்டணம் கட்டுவதைப் போலத்தான் தோலுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்.

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியான ‘நாடுகளின் செல்வம்’ நூலில் கூலி வேறுபாடுகளைப் பேசும்போது இதே இடத்தைத் தொட்டிருக்கிறார். ஒரு காலத்தில் வயிற்றுப் பிழைப்பாக இருந்த வேட்டையும் மீன்பிடிப்பும், சமூகம் வளர்ந்ததும் மற்றவர்களுக்குப் பொழுதுபோக்காகிவிட்டன. அதையே தொழிலாகச் செய்கிறவர்கள் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. இனிமையான வேலைக்குக் கூலி குறையும், வெறுப்பூட்டும் வேலைக்குக் கூலி ஏறும். பிற்காலப் பொருளியலாளர்கள் இதை ‘ஈடுசெய்யும் கூலி வேறுபாடு’ என்றார்கள். நிஜ உலகில் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது கடினம். கல்வி, சாதி, சட்டம், ஊர் என்று எத்தனையோ குறுக்கே வரும். விளையாட்டில் அவை இல்லை. விதி பளிச்சென்று தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று பதனிடும் வேலை. கொன்ற தோலுக்கும் தைக்கும் தோலுக்கும் நடுவே இது வருகிறது. அல் கரீத் என்ற ஊரில் தோல் பதனிடுபவர் இருக்கிறார். தோல் ஒன்றுக்கு 20 நாணயம் வாங்கிக்கொள்வார். பையில் 28 இடம். காசுக்கு ஓரிடம் போக, ஒரு நடைக்கு 27 தோல். வங்கிக்கு நட, எடு, அவரிடம் ஓடு, கொடு, வாங்கு, திரும்பு. இதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. திறமையும் வேண்டாம், ஆபத்தும் இல்லை, சலிப்பு மட்டும் உண்டு. அதனால்தான் இதில் கூலி மிஞ்சுகிறது! பதனிடாத தோலுக்கும் பதனிட்ட தோலுக்கும் உள்ள விலை வித்தியாசம் 20 நாணயத்தைவிட அதிகமாக இருப்பதால், இந்த நடையைத் தொழிலாகவே செய்கிறவர்கள் உண்டு. புள்ளி தராத வேலைக்குக் காசு, புள்ளி தரும் வேலைக்கு நட்டம்.

டிராகனைக் கொல்பவருக்கு வருவோம். பச்சை டிராகன்கள் அதிகம் இருப்பது ‘வைல்டர்னஸ்’ எனும் பகுதியில். அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைத் தாக்கலாம். செத்தால் கையிலிருந்ததில் பெரும்பகுதி பறிபோகும். இந்த ஆபத்துக்கும் சேர்த்துத்தான் தோலின் விலை. 2017 வாக்கில் வெனிசுவேலாவில் பணவீக்கம் கட்டுக்கடங்காமல் போனபோது, அந்நாட்டவர் பலர் நாள் முழுக்கப் பச்சை டிராகன்களைக் கொன்று, சேர்த்த விளையாட்டுக் காசை டாலருக்கு விற்றுக் குடும்பம் நடத்தினார்கள். விளையாட்டின் விதிப்படி இது குற்றம், கணக்கே முடக்கப்படும். அதையும் மீறிச் செய்தார்கள், ஏனென்றால் உள்ளூர்க் கூலியைவிட அது மேலாக இருந்தது. அவர்களைத் தேடிப்பிடித்துக் கொல்வது எப்படி என்று வழிகாட்டி எழுதிய ஆட்டக்காரர்களும் உண்டு. அது கொடுமை என்றே சொல்வேன். ஒருவரின் பொழுதுபோக்கும் இன்னொருவரின் அரிசிக்காசும் ஒரே டிராகனிடம் வந்து நின்றன.

இப்படி டாலராக மாறும் விளையாட்டுக் கூலியை ஆய்வாக அளந்தவர்களில் முன்னோடி, அமெரிக்கப் பொருளியலாளர் எட்வர்ட் காஸ்ட்ரனோவா. 1999இல் வெளிவந்த ‘எவர்குவெஸ்ட்’ விளையாட்டின் காசும் பாத்திரங்களும் இணைய ஏலத்தில் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்து, அங்கே ஒரு மணி நேர உழைப்பு 3.42 டாலர் பெறும் என்று 2001இல் கணக்கிட்டார்.

சரி, சண்டைக்காரருக்குத்தான் எப்போதும் லாபமா? அதற்குக் காசு எங்கே பிறக்கிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலான விளையாட்டுகளில் அரக்கனைக் கொன்றால் நாணயம் விழும். அது அந்த நொடியில் அச்சடித்த புதுப் பணம். கைத்தொழிலில் புதுப் பணம் பிறப்பதில்லை. ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போகிறது, அவ்வளவுதான். சண்டைக்காரர்கள் பணத்தைப் பெருக்க, பணத்தின் மதிப்பு குறைகிறது. 1997இல் வெளிவந்த ‘அல்டிமா ஆன்லைன்’ இதைத் தடுக்கப் பார்த்தது. உலகில் உள்ள வளத்தின் மொத்த அளவை மாறாமல் வைத்து, பொருள் அழிந்தால்தான் புது வளம் தோன்றும்படி வடிவமைத்தார்கள். ஆட்டக்காரர்கள் எதையும் அழியவிடாமல் பெட்டி பெட்டியாகப் பதுக்கினார்கள். வளம் வற்றியது, திட்டத்தையே கைவிட நேர்ந்தது. அங்கேயும் தையல் திறன் வளரத் தைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் யாருக்கும் வேண்டாத சட்டைகள் குவிந்தன.

பொருள் அழியாமல் தேங்குவது, திறனுக்காகச் செய்து குவிப்பது என்ற இந்த இரு குறைகளும் இல்லாத இடம் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் தொடங்கிய ‘ஈவ் ஆன்லைன்’. விண்வெளிதான் களம். இங்கே திறன் வளர்வது கடிகாரத்தைப் பொறுத்தது: பாடத்தை வரிசையில் போட்டுவிட்டால், நீங்கள் தூங்கினாலும் தேர்ச்சி ஏறும். புள்ளிக்காக எதையும் செய்து குவிக்கத் தேவையில்லை. அடுத்து, உடைந்த கப்பல் உடைந்ததுதான். கப்பல், பீரங்கி, குண்டு என ஏறக்குறைய எல்லாமே ஆட்டக்காரர்கள் ஆலையில் செய்தவை. 2014 ஜனவரியில் ‘பி-ஆர்5ஆர்பி’ என்ற மண்டலத்தில் ஒரு கூட்டணியின் குத்தகைப் பணம் நேரத்தில் கட்டப்படாமல் போக, அது போராக வெடித்தது. சுமார் 21 மணி நேரம் நடந்த அந்தப் போரில், பலர் மாதக்கணக்கில் சேர்ந்து உழைத்துக் கட்டும் ‘டைட்டன்’ கப்பல்கள் 75 அழிந்தன. இழப்பின் மதிப்பு 3 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. அத்தனையும் கப்பல் கட்டுகிறவர்களுக்கு வேலை.

ஆகவே ஈவில் கைத்தொழில் கட்டுப்படியாகிறது. ஆனால் அதைச் சண்டையோடு மணிக்கணக்கில் ஒப்பிடுவது சரியில்லை. கொள்ளையரைச் சுட்டு வெகுமதி வாங்குவது அன்றாடக் கூலி. கப்பலை நிறுத்தினால் வரவும் நின்றுவிடும். ஆலையில் வேலையை ஏற்றிவிட்டால் கணினியை அணைத்த பிறகும் ஓடும். அங்கே கிடைப்பது போட்ட முதலுக்கான வருமானம். முதல் இல்லாதவருக்கு அந்த வழி திறக்காது.

இரு தொழில்களும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதற்கும் ஈவிலேயே சான்று உண்டு. முன்பு சில பகுதிகளில் எதிரி டிரோன்களைச் சுட்டால் காசுக்குப் பதில் உலோகக் கலவை விழுந்தது; உருக்கினால் கனிமம் கிடைத்தது. சண்டைக்காரர்களே கனிமத்தைக் கொட்டியதால் சுரங்கம் தோண்டுகிறவர்களின் வருமானம் அடிபட்டது. 2012இல் சிசிபி கலவையை நீக்கி ரொக்க வெகுமதியாக மாற்றியது. கனிமம் குறைந்தது, பணம் கூடியது. கனிம விலை ஏறியது. இப்படிப்பட்ட விளைவுகளைக் கவனிக்கவே 2007இல் எயோல்ஃபுர் குட்மண்ட்சன் என்ற பொருளியலாளரை அந்நிறுவனம் பணியமர்த்தியிருந்தது. பின்னாளில் அவர் அகுரேய்ரி பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

ஈவிலும் நட்டத்துக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘நானே தோண்டிய கனிமம், எனக்கு இலவசம்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் அவர்கள். கனிமத்தை அப்படியே விற்றால் 100 கிடைக்கும், கப்பலாக்கினால் 90 கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 சம்பாதித்தோம் என்று மகிழ்கிறவர் உண்மையில் 10 இழந்திருக்கிறார், ஆலையில் கழித்த நேரம் வேறு.

விளையாட்டில் கைத்தொழில் தொடங்க நினைப்பவர்கள் ஒரு தாளை எடுத்து, கையிலிருக்கும் கச்சாப்பொருளை இன்றைய சந்தை விலைக்கு எழுதுங்கள். செய்த பொருளின் விலையிலிருந்து அதையும், சந்தை வரியையும், உங்கள் நேரத்தையும் கழியுங்கள். அதே பொருளைப் புள்ளிக்காகச் செய்து தள்ளுகிறவர்கள் எத்தனை பேர் என்றும் பாருங்கள். பச்சைத் தோலுக்கு இந்தக் கணக்கைப் போட்டால், கொன்றவருக்குக் கூலி உண்டு, பதனிட்டவருக்குக் கூலி உண்டு, தைத்தவருக்கு இல்லை.