ரத்த வங்கியின் உள்ளறையை எட்டிப் பார்த்தோமுங்க!

கோவையில் ரத்தம் கொடுத்தவர் ஜூஸைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்தப் பை அப்புறம் எங்கே போகிறது? உள்ளறைக்குள் போக அனுமதி கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "செருப்பை வெளியவே உட்டுட்டு வாங்க. எதையும் தொட்டுப்போடாதீங்க!" என்றார் டெக்னீஷியன் அக்கா.

உள்ளே என்ன ஒரு அமர்க்களம்! சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி நின்றதும் பையில் சிவப்பு அடியில், மஞ்சள் பிளாஸ்மா மேலே. தட்டணுப் பைகளுக்கு ஐந்து நாளும் தூளியாட்டம். ஆனால் என்னை மயக்கியது கிரையோதான். உறைந்த பிளாஸ்மாவை 4 டிகிரி குளிரிலேயே மெதுவாக உருகவிட்டால் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படிகிறது. ஹீமோபிலியாக்காரர்களின் ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 அதில் இருக்கிறதாம்!

"இது ஒருத்தரோட ரத்தமுங்க. அந்தக் காலத்து ஃபேக்டர் ஊசி, ஆயிரக்கணக்கானவங்க பிளாஸ்மாவைக் கலந்து செஞ்சது. ஒருத்தருக்குக் கிருமி இருந்தாலும் அத்தனையும் போச்சு."

பிரிட்டனில் போயே போனது. 1983 மே மாதம், ஹீமோபிலியா மருத்துவரான பேராசிரியர் ஆர்தர் புளூம் எழுதிய கடிதத்தை அங்குள்ள ஹீமோபிலியா சங்கம் உறுப்பினர்களுக்கு அனுப்பியது: எய்ட்ஸுக்குப் பயந்து சிகிச்சையை மாற்ற வேண்டாம். நம்பினார்கள். ரத்தக்கசிவு நோயுள்ள சுமார் 1,250 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது, அவர்களில் ஏறக்குறைய 380 பேர் குழந்தைகள். இதை விசாரித்த நீதிபதி லாங்ஸ்டாஃபின் அறிக்கை வர 2024 ஆகிவிட்டது. டாக்டர் சொன்னதைத் தபாலில் சேர்க்கவா நோயாளிகளுக்கு ஒரு சங்கம்? உலக ஹீமோபிலியா கூட்டமைப்பைத் தொடங்கிய ஃபிராங்க் ஷ்னாபலையே 1987-இல் எய்ட்ஸ் கொண்டுபோனது.

அதே 1983-இல் டெல்லியில், தானே ஹீமோபிலியாக்காரரான அசோக் பகதூர் வர்மா இந்தியக் கூட்டமைப்பைத் தொடங்கினார். இங்கே கவலை வேறு: ஃபேக்டர் வாங்கக் காசில்லை. குறைந்த விலைக்கு வரவழைத்துக் கொடுத்தார்கள். இன்று தமிழக அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். காசில்லாமல் கிரையோவோடு நின்றதே அன்று சிலரைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் ஊகம். ஒற்றைப் பையும் அப்போது பத்திரமில்லைதான், எச்.ஐ.வி. சோதனை இங்கே கட்டாயமானது 1989-இல். காசுக்கு ரத்தம் விற்பது, உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னபடி, 1998-இல் தடையானது.

இப்போது எச்.ஐ.வி., காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தும் பார்க்காமல் பை வெளியே போகாது. சோதனை முடியாதவற்றுக்குத் தனி ஃபிரிட்ஜ். நான் பக்கத்தில் போனதற்கே அக்கா முறைத்தார்!

"பையனுக்குக் கிரையோ வாங்க ஒரு அம்மா வருவாங்க. லேபிள்ல இருக்கற அஞ்சையும் படிச்சுக் காட்டுனாத்தான் பையைக் கையில வாங்குவாங்க."

அந்த அம்மாவை உடனே ஏதாவது ஒரு சங்கத்துக்குத் தலைவியாக்குங்கப்பா!