கிந்தா மலைக் குகைகளில் ஒரு முற்பகல்

மலையிலும் மலைவயிற்றுக் குகையிலும் தெய்வ சாந்நித்தியம் உறைவதாகக் கருதி வழிபடுவது தமிழ் மக்களின் நெடுநாள் வழக்கம். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் சமணத் துறவியர் தங்குவதற்கென ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டிக் கொடுக்கப்பட்ட கற்படுக்கைகளை இன்றும் நாம் காண்கிறோம். கடல் கடந்து மலாயாவுக்கு வந்த நம் முன்னோரும், காடு திருத்திய கையோடு, பத்துமலைக் குகையில் முருகப் பெருமானுக்கு ஓர் இடம் கண்டார்கள். மலாக்கா மாநிலத்துச் செலண்டார் வட்டாரத்துத் தோட்டங்களில், ரப்பர் மரம் நின்ற காலத்தில் பிறந்தவர்களாயினும், செம்பனை நிற்கும் இக்காலத்தில் பிறந்தவர்களாயினும், பத்துமலையின் 272 படிகளை ஒருமுறையேனும் ஏறாதவர் அரியர். ஆனால் பத்துமலையிலிருந்து இன்னும் இருநூறு கிலோமீட்டர் வடக்கே சென்றால், ஈப்போ நகரைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளின் உள்ளே, புத்தர் பெருமானும் போதிசத்துவர்களும் எழுந்தருளிய குகைக் கோயில்கள் வரிசையாக இருப்பதை நம்மவருள் பலர் 'சீனர் கோயில்' என்ற ஒரு சொல்லோடு கடந்து போய்விடுகிறார்கள். அக்கோயில்கள் நமக்கு அந்நியமானவை அல்ல என்பதையும், அவற்றில் கழிக்கும் ஒரு முற்பகல் நம் சொந்தச் சரித்திரத்தின் மறந்துபோன பக்கங்களைப் படிப்பதற்குச் சமம் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோயில்களுக்குள் நுழையுமுன் மலைகளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். ஈப்போ அமைந்துள்ள கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை, ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலொன்றின் அடியில், பவளங்களும் சிப்பிகளும் பிற சிற்றுயிர்களும் விட்டுச்சென்ற ஓடுகள் படிந்து படிந்து உருவானது. பின்னர் நிலம் உயர்ந்து கடல் விலகிய காலத்தில், வானத்திலிருந்து விழும் மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைத் தன்னுள் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, பாறையின் வெடிப்புகளில் இறங்கி, கல்லைக் கரைத்து வழி உண்டாக்கிற்று. அவ்வழிகளே பெருகிக் குகைகளாயின. கரைந்த சுண்ணாம்பைச் சுமந்த நீர் குகையின் விதானத்திலிருந்து சொட்டும்போது, ஒவ்வொரு துளியும் அணுவளவு சுண்ணாம்பை விட்டுச் செல்கிறது. மேலே அது விழுதாகத் தொங்குகிறது, கீழே முளையாக எழுகிறது. ஓர் ஆள் உயரமுள்ள விழுது வளரப் பல்லாயிரம் ஆண்டுகள் செல்லும். அத்தகைய விழுதொன்றை விளையாட்டாகக் கையால் தடவினாலும், தோலிலுள்ள எண்ணெய்ப் பசை அதில் படிந்து, சுண்ணாம்பு மேலும் படியாதபடி தடுத்துவிடக்கூடும் என்பதை நல்ல வழிகாட்டி முதலிலேயே சொல்லிவிடுவார்.

இம்மலைகளின் அடிவாரத்து மண்ணில் ஈயம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஈய லம்பங்களில் வேலை செய்யச் சீனத்தின் தென்பகுதியிலிருந்து பல்லாயிரம் பேர் வந்து குவிந்தனர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் உலகம் பயன்படுத்திய ஈயத்தில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்தே சென்றது. தோண்டிய குழி சரியும் அபாயத்திலும், காய்ச்சலிலும், தனிமையிலும் நாளைக் கழித்த அத்தொழிலாளர், மலைக்குகைகளில் தவம் செய்ய வந்த பிக்ஷுக்களை நாடி ஆறுதல் பெற்றனர். குகைக்கோயில்கள் பிறந்தது அவ்வாறுதான். தோட்டத்து லயங்களின் ஓரத்தில் ஒரு கல்லை நட்டு மாரியம்மனாகக் கும்பிட்ட நம் பாட்டன்மாரும், ஈயக் குழியிலிருந்து ஏறி வந்து குகையில் ஊதுவத்தி ஏற்றிய அச்சீனத் தொழிலாளரும் ஒரே துயரத்துக்கு ஒரே மருந்தைத் தேடியவர்கள் அல்லரோ?

முற்பகல் யாத்திரையை ஈப்போ நகருக்கு வடக்கே ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேராக் தோங்கில் தொடங்குவது உசிதம். வெயில் ஏறுமுன் படிகளை ஏறிவிடலாம். சீனத்திலிருந்து வந்த சோங் சென் யீ என்னும் பௌத்த அடியார் தம் மனைவியோடு 1926ஆம் ஆண்டில் நிறுவிய இக்கோயிலில், நுழைவாயிலைத் தாண்டியதும் கண்ணெதிரே வீற்றிருப்பது ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர் உயரமுள்ள புத்தர் திருவுருவம். வெளியேயுள்ள வெளிச்சத்துக்குப் பழகிய கண் குகையின் மங்கலுக்குப் பழகச் சற்று நேரம் ஆகிறது. அதன் பின்னரே, பாறைச் சுவரின் மேடுபள்ளங்களையே திரையாகக் கொண்டு தீட்டப்பட்ட சுவரோவியங்களும், தூரிகையால் எழுதப்பட்ட சீன எழுத்துகளும் ஒவ்வொன்றாகத் தெளிகின்றன. காணிக்கை செலுத்தும் அடியார் பெருமணியை அடிக்கும்போது, அதன் ஒலி குகையின் கிளைகளுக்குள் புகுந்து, திரும்பி வந்து, நெடுநேரம் தேய்ந்து அடங்குகிறது. குகையின் பின்புறத்தில் பாறைக்குள்ளேயே மேலேறும் சில நூறு படிகள் மலையின் தோளுக்கு இட்டுச் செல்கின்றன. அங்கிருந்து பார்த்தால் ஈப்போ நகரமும், பழைய ஈயக் குட்டைகளும், பச்சைப் போர்வை போர்த்த மலைகளும், அவற்றின் இடையே வெட்டுண்டு வெண்மையாகத் தெரியும் கல்லுடைப்புத் தளங்களும் ஒருசேரக் காட்சியளிக்கின்றன.

இக்கோயில்களில் நம்மவர் பெரிதும் மனம் ஒன்றி நிற்பது, வெண்ணிற ஆடையணிந்து கையில் நீர்க்குடம் ஏந்திய குவான் யின் திருவுருவின் முன்னேதான். தோட்டத்திலிருந்து வந்த பாட்டி ஒருவர், "தம்பி, இது நம்ம அம்மன் மாதிரியில்ல இருக்கு?" என்று வழிகாட்டியைக் கேட்டால், "ஆமாங்க பாட்டி, சீனங்களுக்கு இவங்கதான் தாய்" என்று அவர் சொல்லும் விடை பொய்யன்று, ஆனால் முழு உண்மை அதனினும் பெரிது. குவான் யின் என்று சீனர் வணங்குவது அவலோகிதேசுவரரை. தாம் வீடுபேறு அடையத் தகுதி பெற்றும், உலகத்து உயிர்கள் அனைத்தும் துன்பம் நீங்கும் வரையில் அதனை ஏற்காது நிற்கும் கருணையே உருவான அப்போதிசத்துவர், சீனத்துக்குச் சென்று பல நூற்றாண்டுகள் கழிந்தபின் பெண் வடிவம் கொண்டார். அவருடைய உறைவிடமாகப் பௌத்த நூல்கள் கூறும் பொதலகம் என்னும் மலை பாரதத்தின் தென்கோடியில் இருப்பதாகச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதி வைத்தார். அதனை நம் பொதிகை மலையாகவே ஆராய்ச்சியாளர் பலர் கொள்கின்றனர். பதினோராம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், புத்தமித்திரனார் என்னும் பௌத்தப் புலவர் இயற்றிய வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூல், அகத்தியர் தமிழைக் கற்றதே இந்த அவலோகிதரிடந்தான் என்று கூறுகிறது. நாம் பேசும் மொழிக்கே ஆசிரியராகப் போற்றப்பட்ட ஒருவரை, ஈப்போ மலைக்குகையில் வேற்றுத் தெய்வமாக எண்ணி நிற்பது எத்தகைய மறதி!

மலாக்காவிலிருந்து செல்லும் யாத்திரிகர்க்கு இவ்வுறவை விளங்கிக்கொள்வது மேலும் எளிது. அந்நகரின் பழைய வீதியில், தமிழ் வம்சத்து மலாக்காச் செட்டிகள் 1781ஆம் ஆண்டு முதல் போற்றி வரும் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், குவான் யின்னை மூல தெய்வமாகக் கொண்ட செங் ஹூன் தெங் ஆலயம் பதினேழாம் நூற்றாண்டு முதல் நின்றுகொண்டிருக்கிறது. இரு கோயில்களுக்கும் இடையில் ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது. அங்கே வீதியில் கண்ட அண்டை வீட்டு உறவையே ஈப்போவில் மலையின் உள்ளே காண்கிறோம்.

சீனத் தொழிலாளர் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வட்டாரத்தில் பௌத்தம் இருந்தது என்பதற்கும் சான்று உண்டு. ஈப்போவுக்குத் தெற்கேயுள்ள பீடோரில், 1936ஆம் ஆண்டில் ஈயம் தோண்டியபோது, எட்டுக் கைகளோடு கூடிய அவலோகிதேசுவரரின் வெண்கல விக்கிரகம் ஒன்று வெளிப்பட்டது. அது இன்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் செல்வங்களுள் ஒன்று. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பியதும், 1006ஆம் ஆண்டை ஒட்டி முதலாம் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அவ்விகாரத்துக்கு நிவந்தமாக அளித்ததும் லெய்டன் செப்பேடுகளால் நாம் அறிந்த செய்தி. சிவபக்தனாகிய சோழ மன்னன், இத்தீபகற்பத்து அரசர் கட்டிய புத்த விகாரத்துக்கு ஊர் கொடுத்தான் என்றால், அவன் வழிவந்த மொழியைப் பேசும் நாம் இங்குள்ள பௌத்தக் குகைக்குள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நாழிகை அமர்ந்திருப்பது மரபுக்கு மாறானதன்று.

பேராக் தோங்கிலிருந்து நகருக்குத் திரும்பும் வழியில் குனோங் சீரோ அடிவாரத்துக் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தில் தரிசனம் செய்துகொண்டு போகலாம். தைப்பூச நாளில் ஈப்போத் தமிழரின் காவடிகள் அனைத்தும் வந்து சேரும் திருத்தலம் அது. அதே குனோங் சீரோவில் 1973ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் பெரும்பாறை சரிந்து, அடியிலிருந்த குடியிருப்பு நசுங்கி ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டார்கள். சுண்ணாம்பு மலை இடைவிடாது கரைந்துகொண்டே இருப்பது. எனவே மழைக்காலத்தில் வழியடைத்த குகைப் பகுதிகளுக்குள் துணிவு காட்டிப் புகுவது தகாது.

நகருக்குத் தெற்கே குனோங் ராப்பாட் மலையில் லிங் சென் தோங், சாம் போ தோங் ஆகிய கோயில்கள் அருகருகே அமைந்துள்ளன. லிங் சென் தோங் தாவோ மார்க்கத்தைச் சார்ந்தது. அதன் முற்றத்தில் 'மேற்குத் திசை யாத்திரை' என்னும் சீனப் புராணக் கதையின் பாத்திரங்கள் பல வண்ணச் சுதைகளாக நிற்கின்றன. குழந்தைகள் அங்குள்ள வானரத்தைக் கண்டு அனுமன் என்று கூவுவது வழக்கம். அவ்வானரம் காவல் செய்து அழைத்துச் செல்லும் துறவி கதையில் மட்டும் வாழ்பவர் அல்லர். அவர்தாம் முன்னர்ச் சொன்ன யுவான் சுவாங். ஏறத்தாழ 640ஆம் ஆண்டில், பல்லவர் ஆண்ட காஞ்சிபுரத்துக்கு வந்து, அங்கு நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரம் பிக்ஷுக்களும் இருந்ததாகக் குறித்து வைத்தவர். ஈப்போவில் சிமெண்டுச் சுதையாகக் காட்சி தரும் அத்துறவியின் கால் நம் காஞ்சி மண்ணில் பட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் அச்சிலையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

புத்தம், தருமம், சங்கம் என்னும் மும்மணிகளின் பெயர் தாங்கிய சாம் போ தோங், 1890ஆம் ஆண்டளவில் அவ்வழியே சென்ற துறவி ஒருவர் கண்டு, தம் ஆயுள் முடியும் வரை தங்கித் தியானம் செய்த குகை என்று சொல்லப்படுகிறது. குகையைக் கடந்தால் நாற்புறமும் செங்குத்தான பாறை சூழ்ந்த, வானம் திறந்த முற்றமொன்று. அங்குள்ள குளத்தில் பக்தர் விட்டுச்சென்ற ஆமைகள். கங்கோங் கீரைக் கட்டொன்றை வாங்கி ஒரு தண்டை நீட்டினால், பாசி படிந்த ஓடொன்று மெல்ல நகர்ந்து, சுருக்கம் விழுந்த கழுத்து நீண்டு, பல்லில்லாத வாய் தண்டைக் கவ்வி இழுக்கிறது. பிடிபட்ட உயிரை விடுவித்தல் புண்ணியம் என்ற பௌத்த நம்பிக்கையின் கண்கூடான வடிவம் அது. வாயிலுக்கு வெளியே தம்பூன் பம்பளிமாஸ் பழங்களைக் கட்டித் தொங்கவிட்ட கடைகள் இருக்கின்றன.

மலையின் மறுபுறத்தில் உள்ள கெக் லோக் தோங்கை இறுதியாக வைத்துக்கொள்ள வேண்டும். 1920களிலிருந்தே வழிபாட்டுக்குரிய இடமாக விளங்கி, இடையில் இரும்புத் தாது வெட்டும் தளமாகவும் பயன்பட்டு, மீண்டும் கோயிலாகிய குகை இது. அமிதாப புத்தரின் இன்பவுலகத்தின் பெயரைத் தாங்கியது. பளபளக்கும் தரையும், மாளிகை போன்ற உயர்ந்த விதானமும், வெண்கலத் திருவுருவங்களும், பின்புறம் திறக்கும் குகைவாய்க்கு அப்பால் குளமும் தோட்டமும் சேர்ந்து, ஏறிய களைப்பை நீக்கும் குளுமையைத் தருகின்றன. கோயில் கட்டுவதற்காகக் குகையை மிகவும் செதுக்காமல், கல்விழுதுகளை அவ்வாறே தொங்கவிட்டு, அவற்றின் நடுவே விக்கிரகங்களைப் பிரதிஷ்டை செய்திருப்பது பாராட்டத்தக்க விவேகம்.

செலண்டாரிலிருந்து ஈப்போவுக்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது கிலோமீட்டர். ஆதலால் முதல்நாளே போய்த் தங்கி, மறுநாள் காலை எட்டு மணியளவில் புறப்பட்டால் நண்பகலுக்குள் நான்கு கோயில்களையும் நிதானமாகக் காணலாம். முதியோர் பேராக் தோங்கின் படிகளை விட்டுவிட்டு கீழ்க்குகையோடு நிறைவு கொள்ளலாம். கெக் லோக் தோங்கில் நடப்பது எளிது. வழிபடுவோரைப் புகைப்படம் எடுக்குமுன் தலையசைப்பாலேனும் அனுமதி கேட்பது மரியாதை.

இம்மலைகளின் சுண்ணாம்புதான் சிமெண்டுக்கும் மூலப்பொருள் என்பதை மறவாதிருக்க வேண்டும். ஈப்போவுக்கு வடக்கேயுள்ள கந்தான் மலையின் பெரும்பகுதி கல்லுடைப்புக்கு இரையாகிவிட்டது. உலகில் வேறெங்கும் காணப்படாத ஒருவகைச் சிலந்தி எஞ்சிய பகுதியில் அருகி வாழ்கிறது. அம்மலைக் குகையிலுள்ள பௌத்த மடத்தின் துறவிகள் தங்கள் இடத்தைக் காத்துக்கொள்ளப் போராட நேர்ந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கு 2018ஆம் ஆண்டில் தேசிய நிலப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அறிவிப்பு மட்டும் மலையைக் காப்பாற்றிவிடாது. மலையை மதிப்போர் தொகை பெருக வேண்டும். பத்துமலைக் குன்றைக் கல்வெட்டிகளிடமிருந்து காக்கக் குரல் எழுப்பிய சமூகம் நம்முடையது. அந்தக் குரல் முருகன் உறையும் குன்றோடு நின்றுவிடாமல், அவலோகிதர் உறையும் குன்றுக்கும் எழ வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கோயில் நிர்வாகத்தாரும் ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளைப் பத்துமலையோடு நிறுத்திவிடாமல் கிந்தா மலைகளுக்கும் அழைத்துச் செல்வார்களாயின், வீரசோழியத்தையும் சூடாமணி விகாரத்தையும் புத்தகத்தில் படிக்கும் நாளில் அவை அப்பிள்ளைகளுக்கு வெறும் பெயர்களாக இரா; தாங்கள் காலால் மிதித்து ஏறிய மலையின் சரித்திரமாகவே இருக்கும்.