வந்தவருக்கு நாற்காலி! உழைப்பவருக்கு?

போடிநாயக்கனூர் என்றதும் ஏலக்காய் மணம் நினைவுக்கு வரும். மலையில் விளையும் காய், இந்த ஊர்க் கடைகளுக்கு இறங்கி வருகிறது. முன்பெல்லாம் ஏலத்தில் வாய்விட்டு விலை கேட்டார்கள். இப்போது வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள்.

காலம் மாறியது. கடைகளும் ஆபீஸ் ஆகிவிட்டன. ஆபீஸ் என்றால் நாற்காலி, மேஜை வேண்டாமா? எதை வாங்குவது?

பழைய கடையை நினைத்துப் பாருங்கள். முதலாளிக்கு மெத்தையும் திண்டும். சரக்கு கொண்டுவந்தவருக்குத் திண்ணை. கூலிக்கு வந்தவருக்கு வாசல்! யார் எங்கே உட்காருகிறார் என்பதைப் பார்த்தாலே அவர் யார் என்று தெரிந்துவிடும். அந்த வழக்கம் புது ஆபீசிலும் தொடரவேண்டுமா?

முன் அறைக்கு எது நல்லது?

உங்கள் ஆபீசுக்கு யார் வருகிறார்? போடிமெட்டு மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கிய ஒரு விவசாயி. வயது அறுபது இருக்கும். முழங்காலில் வலி. அவரைப் புதையும் சோபாவில் உட்கார வைத்தால், எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்கவேண்டும்.

நாற்காலி ஒன்றரை அடி உயரம் இருந்தால் போதும். ஊன்றி எழுவதற்குக் கைப்பிடி அவசியம். பிரம்பு நாற்காலியில் காற்றோட்டம் உண்டு. தேக்கு பெஞ்சு பல ஆண்டு உழைக்கும். துணி உறை போட்ட சோபா தூசியைப் பிடிக்கும். மழைக்காலத்தில் ஈர வாடை அடிக்கும்.

சின்ன மேஜை ஒன்றை ஜன்னல் ஓரம் போடுங்கள். சாம்பிள் காயைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் அதன் பச்சை நிறம் சரியாகத் தெரியும். மூட்டை தூக்கி வருபவர் இடித்துக்கொள்ளாமல் போக, மூன்றடி வழி விடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை! ஏலக்காய் வேற்று வாசனையை இழுத்துக்கொள்ளும். புது வார்னிஷ் பூசிய மேஜையை, வாடை போகும்வரை சரக்கு அறைக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

பின்கட்டைப் பாருங்கள்

முன் அறை அழகாகிவிட்டது. பின்கட்டில் என்ன நடக்கிறது? அங்கே பெண்கள் காயைப் பிரிக்கிறார்கள். பெரிது, சிறிது, பச்சை, வெளிறியது என்று தனித்தனியாக ஒதுக்குகிறார்கள். காய்க்கு விலை ஏறுவது இவர்கள் கையால்தான். ஆனால் நாள் முழுதும் தரையில் குனிந்து உட்கார்ந்தால் இடுப்பு என்ன ஆகும்?

கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார வசதி வேண்டும் என்று கேரளம் 2018-ல் சட்டம் செய்தது. ஜவுளிக்கடைகளில் நின்று நின்று கால் வீங்கிய பெண்கள் போராடிப் பெற்ற உரிமை அது. தமிழ்நாடும் 2021-ல், 1947-ம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலை நேரத்தில் இடையிடையே உட்கார எல்லா ஊழியருக்கும் தக்க இருக்கை தரவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

ஆகவே காய் பிரிக்க, முழங்கை உயரத்தில் ஒரு மேஜை போடுங்கள். முதுகு சாய நாற்காலி கொடுங்கள். சாப்பிடவும் சற்று இளைப்பாறவும், தூசி இல்லாத மூலையில் இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, குடிதண்ணீர் வையுங்கள். இதற்கு ஆகும் செலவு பெரிய சோபா ஒன்றின் விலைக்குள் அடங்கிவிடும்.

கடைக்குப் புறப்படும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் முன் அறை நாற்காலியில் அரைமணி நேரம் உட்காருங்கள். பிறகு பின்கட்டுத் தரையில் அரைமணி நேரம் குனிந்து உட்காருங்கள். முதலில் எதை வாங்கவேண்டும் என்று உங்கள் முதுகே சொல்லிவிடும்!