‘சக்தி’ குழுவின் இரண்டாவது இசைத்தட்டு

கச்சேரி மேடையில் பக்கவாத்தியக்காரர் ஒருவர் விலகினால் அவரிடத்தில் வேறொருவரை அமர்த்துவதே நம்மவர் வழக்கம். அங்ஙனம் அமர்த்தாது, எஞ்சியோரே அவ்விடத்தையும் தாங்கி நிற்பது பிறிதொரு வழி. இவ்வழியாற் பிறந்த இசைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, ‘சக்தி’ குழுவினர் 1976இல் இலண்டனில் ஒலிப்பதிவு செய்த ‘ஏ ஹான்ட்புல் ஒவ் பியூட்டி’ என்னும் இசைத்தட்டாகும்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி, மனோதர்மத்துக்கு முதலிடம் தரும் இசை. றொக் என்பது மின்கருவிகளின் முழக்கத்தை உடையது. இவ்விரண்டையும் இணைத்து 1971இல் மகாவிஷ்ணு இசைக்குழுவை அமைத்தவர் ஆங்கிலேயரான ஜோன் மக்லோக்ளின். அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கலாநிதி எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். ‘சக்தி’யில் மின்முழக்கத்தை ஒதுக்கி, மெட்டுகளுக்கிடையே குடையப்பட்ட புதியதொரு கித்தாரை ஏந்தினார். தந்தியை அழுத்திக் கமகம் பிடிக்க அக்குடைவு உதவியது. குறுக்கே செல்லும் ஏழு தந்திகள் சுருதி கூட்டின.

ஏனையோருள் இருவர் நம் கரைகளோடு தொடர்புடையோர். வயலின் வாசித்த எல். சங்கர் சென்னையிற் பிறந்து, தந்தையார் வி. இலட்சுமிநாராயணா இசை கற்பித்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். 1958 இனக்கலவரத்தின் பின்னர் அக்குடும்பம் இந்தியாவுக்கு மீண்டது. மிருதங்க வித்துவான் இராகவனின் பெயரோடு வழங்கும் இராமநாதபுரமோ தலைமன்னாருக்கு எதிர்க்கரை. பம்பாய் சாகீர் உசேன் தபேலாவும், விக்கு விநாயக்ராம் கடமும் வாசித்தனர். இவ்வைவரும் 1975 யூலை 5இல் நியூயோர்க் மாநிலத்துச் சவுத்ஹம்டன் கல்லூரியில் நிகழ்த்திய கச்சேரியே முதலாவது இசைத்தட்டு.

இரண்டாவதில் இராகவன் இல்லை, குழு நால்வரானது. லயப்பொறுப்பு முழுவதும் உசேன், விநாயக்ராம் இருவர்மீதும் வீழ்ந்தது. நம் கச்சேரிகளிற் கடம் உபபக்கவாத்தியமாய்ப் பின்னே அமர்வது. ஈண்டு அது வடநாட்டுத் தபேலாவுக்குச் சரிநிகராய் முன்னே வந்தது. ஒருவர் கற்றது இந்துஸ்தானி முறை, மற்றவர் கற்றது கருநாடக முறை. இருவருக்கும் பொதுமொழியாயிற்று சொற்கட்டு. முதல் உருப்படியே வாயாற் சொல்லும் கொன்னக்கோலோடு தொடங்குகிறது. அதனைக் கேட்போர்க்கு, தாளக்கணக்குப் பொதுவாயிருப்பின் முறைகள் வேறாயினும் கூடி வாசித்தல் இயலும் என்பது விளங்கும். முதலாவது தட்டின் ஓர் உருப்படி அரைமணி நேரமளவு நீள்வது. இங்கோ ஆறு உருப்படிகளும் செறிவாய் அமைந்துள்ளன.

பின்னரும் ஆட்கள் மாறினர். 1997இல் குழு மீண்டும் எழுந்தது, மண்டலின் உ. ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் முதலியோர் பின்னர் வந்து சேர்ந்தனர். ஸ்ரீநிவாஸ் 2014இல் மறைந்தார். கணேஷ் இராஜகோபாலன் வயலின் வாசிக்க, 2023இல் வெளிவந்த ‘திஸ் மொமென்ட்’ என்னும் தொகுதி 2024இல் கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் சாகீர் உசேனும் மறைந்தார்.

ஆள் மாறிற்று; கருவி மாறிற்று; மாறாது நின்றது அனைவரும் ஒப்புக்கொண்ட தாளமே. ஊர்விட்டுப் பெயர்தலின் துயரை மன்னார் மக்கள் நன்கறிவர். வீடும் காணியும் உடன்வாரா. கற்ற கல்வி உடன்வரும். யாழ்ப்பாணத்திலே தந்தையிடம் ஒரு சிறுவன் பழகிய வயலின் கடல்கடந்து உலக மேடை ஏறியமை இதற்குச் சான்று. இளம் மாணவர் இத்தட்டைச் செவிமடுப்பாராக.