கஞ்சித் தண்ணீர் போதாது



ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையை அறிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து குவியும் முருங்கைக்காயும் பூசணியும் தக்காளியும் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகின்றன. அவற்றை விளைவிக்கிற வீடுகளிலேயே, எட்டு மாதக் குழந்தைக்கு என்ன ஆகாரம் என்று கேட்டால், "கஞ்சித் தண்ணிதாங்க. கெட்டியாக் குடுத்தா செரிக்காதுன்னு அப்பத்தா சொல்றாங்க" என்று பதில் வருவதுண்டு.

அப்பத்தாவின் அக்கறையில் குறையில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் ஆகாரம் இல்லை. 2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இரத்தசோகை உள்ளவர்களோ நூற்றுக்கு 57 பேர். இந்தப் பின்னடைவு பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்கும் இரண்டாம் வயதுக்கும் இடையில்தான் நேரிடுகிறது. தாய்ப்பால் மட்டும் போதாமற்போய், வீட்டுச் சாப்பாடு இன்னும் சரியாகப் பழகாத காலம் அது.

நம் வட்டாரம் இதை வெகுநாட்களுக்கு முன்பே கண்டுகொண்டது. 1980ல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, முதலில் அமல்படுத்தப்பட்ட இடங்களுள் ஒன்று மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியம். (திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது, 1985ல்தான் பிரிந்தது.) ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாட்கள் சத்துணவு கொடுத்து, வீட்டில் எப்படி ஊட்டுவது என்று தாய்க்கும் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டு அடுப்பில் நடப்பதை மாற்றாமல் பொட்டலம் மட்டும் கொடுத்துப் பயனில்லை என்பதே அந்தத் திட்டத்தின் அடிப்படை எண்ணம்.

கணக்கு எளிதானது. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 240 மில்லி, அதாவது ஒரு பெரிய டம்ளர் அளவுதான் கொள்ளும். ஒன்பது மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 300 கலோரி வேண்டும். அந்தச் சின்ன வயிற்றைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் பிள்ளை பசியாறித் தூங்கும், ஆனால் வளராது.

ஆகவே கஞ்சியை ஊற்றாமல், கரண்டியைச் சாய்த்தால் சட்டென வழியாத பதத்தில் ஊட்டவேண்டும். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு போட்டுக் குழைய வேகவைத்து மத்தால் கடையுங்கள். அரிசியின் புரதத்தில் உள்ள குறையைப் பருப்பு நிரப்பும், பருப்பின் குறையை அரிசி நிரப்பும். இறக்கும்போது ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டால், அளவு கூடாமலே 40 கலோரி சேரும். கூடவே வெந்த பூசணித் துண்டையோ ஒரு பிடி முருங்கைக்கீரையையோ மசித்துச் சேர்க்கலாம். பெரியவர்களுக்குச் சமைக்கும் சாதம், பருப்பிலிருந்தே காரமும் புளியும் போடுமுன் குழந்தைக்கு எடுத்துவைத்துவிட்டால் தனிச் சமையலும் வேண்டாம். ஒரு வயதுக்குள் சர்க்கரை, உப்பு சேர்க்கத் தேவையில்லை. தேன் கொடுக்கவே கூடாது.

"கெட்டியாகக் கொடுத்தால் துப்புகிறான்" என்பார்கள். அதற்கு வழி கேப்பையில் இருக்கிறது. கேப்பையை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் முடிந்து, முளை எட்டிப்பார்த்ததும் வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். லேசாக மட்டும் வறுத்து அரையுங்கள். அதிகம் வறுத்தால் பலன் போய்விடும். முளைவிட்ட தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் என்னும் நொதி பெருகியிருக்கும். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை இறக்கி, கொதி அடங்கியபின் இந்த மாவில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கிளறினால், சில நிமிடங்களில் கஞ்சி தானாக இளகும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே இளகுவதால் சத்து அப்படியே இருக்கும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு, ஆறவைத்து ஊட்டவேண்டும். 1980களில் பரோடாவில் டாக்டர் தாரா கோபால்தாஸ் இந்த முறையை ஆராய்ந்து எழுதினார். நம் பாட்டிமார் முளைகட்டிய மாவை எப்போதோ அறிந்திருந்தார்கள், காரணம்தான் அவர்களுக்குத் தெரியாது. கேப்பையில் சுண்ணாம்புச்சத்தும் மிகுதி. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம்.

இந்த மாவு டப்பாவில் நாளாயினும் கெடாது என்பது இன்னொரு சௌகரியம். திண்டுக்கல் நூற்பாலைகளில் காலை ஷிப்டுக்குப் போகும் தாய் விடியற்காலையில் காய்ச்சிவைத்த கஞ்சி, நம் ஊர் வெயிலில் மத்தியானத்துக்குள் கெட்டுவிடும். பேதி அப்படித்தான் ஆரம்பிக்கிறது. டப்பாவில் மாவு இருந்தால் அப்பத்தாவே அவ்வப்போது புதிதாகக் காய்ச்சலாம். ஒன்பது மாதத்துக்குமேல் நாளைக்கு மூன்று, நான்கு வேளை ஊட்டவேண்டுமே!

சைவச் சமையலையே எழுதுகிறீர்களே என்று நீங்கள் கேட்கலாம். கறி எடுக்கும் வீடுகளிலும் பெரும்பாலும் அது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற ஆறு நாட்களும் பிள்ளை சாப்பிடுவது சைவம். அதில் இரண்டு குறைகளைக் கவனிக்கவேண்டும். கீரை, பயறுகளில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் குறைவாகவே சேரும். சில துளி எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கூடுதலாகச் சேரும், தேநீர் குடித்தால் குறையும். எனவே ஆறு மாதத்திலிருந்து அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மருந்தைத் தவறவிடக்கூடாது. பி12 என்னும் வைட்டமின் செடிகொடிகளில் இல்லை. தயிர், பால், முட்டை இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும்.

இனி, சாப்பிட மறுக்கிற பிள்ளை. பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை ஒரு வயதில் ஒன்பது கிலோ ஆகிறது, ஆனால் இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரைக் கிலோதான் ஏறும். பசி குறைவது இயல்பு. தாய் பயந்துபோய், "அதாவது சாப்பிடட்டும்" என்று பிஸ்கட்டும் பாட்டில் பாலும் கொடுப்பாள். அடுத்த வேளைச் சோறு உள்ளே போகாது. மூக்கைப் பிடித்து ஊட்டுவதைவிட, தட்டில் கொஞ்சமாக வைத்து எல்லாருடனும் உட்காரவைப்பது நல்லது. என்ன சமைப்பது, எப்போது கொடுப்பது என்பதைத் தாய் முடிவு செய்யட்டும். எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். புதிய காயைப் பத்துத் தடவைகூடத் தள்ளிவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. கீரையைக் கண்டால் ஓடுகிறவன், அதையே கேப்பை அடையில் வைத்துக் கையில் கொடுத்தால் கடித்துக்கொண்டு திரிவான். வேர்க்கடலையை மட்டும் முழுதாகக் கொடுக்கவேண்டாம், தொண்டையில் அடைக்கும், பொடித்துச் சேருங்கள்.

பிடிவாதம் எது, நோய் எது என்று எடைதான் சொல்லும். அங்கன்வாடி அட்டையில் கோடு தொடர்ந்து இரண்டு மாதம் ஏறாவிட்டால், பூச்சியோ இரத்தசோகையோ வேறு நோயோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டவேண்டும். அந்த அட்டையையும் மறவாமல் கொண்டுபோகச் சொல்லுங்கள்.